நேந்துவிடாத சேவல்

இந்தக் காலத்து ஜனங்களுக்குக் கோழி வேண்டும், கோழி கூவுவது மட்டும் வேண்டாம். போனைத் தட்டி பிரியாணி வரவழைத்துத் தின்பார்கள். எலும்பைக் கவரில் கட்டி அடுத்தவன் காலிமனையில் வீசுவார்கள். பக்கத்து வீட்டுக் கோழி ரோட்டில் ஒரு எச்சம் போட்டுவிட்டால் மட்டும் மூக்கைப் பொத்திக்கொண்டு போட்டோ எடுத்து அனுப்புவார்கள். எதையும் நேரில் வந்து கேட்கிற வாய் ஒருத்தனுக்கும் கிடையாது. மதலைமுத்துவுக்கு எழுபது தாண்டிய வயசு. மனுசன்மேல் இருந்த நம்பிக்கை அவருக்கு எப்பவோ விட்டுப்போனது. கோழிமேல் இருந்தது அப்படியே இருந்தது.

தருமபுரிக்கு வெளியே சாமந்தி வயலை மனை போட்டு விற்று, அதற்குச் சாமந்தி நகர் என்றே பெயரும் வைத்த இடம் அது. மகன் ஆண்டனி அங்கே பேங்கு லோனில் வீடு கட்டியிருந்தான். தாலுக்கா ஆபீசில் வேலை. தெருவிளக்கு வராமல் கிடந்த நகருக்கு அலைந்து திரிந்து விளக்கு வாங்கிக் கொடுத்ததால் குடியிருப்போர் சங்கத்துக்கு அவனையே செயலாளர் ஆக்கிவிட்டார்கள். ஆன சூட்டில் அவன் செய்த முதல் காரியம், வந்திருந்த புகார்களை வைத்துக் கோழிக்குச் சட்டம் போட்டது.

சட்டத்தைத் தண்ணி டேங்குத் தூணில் ஒட்டினார்கள். மதலைமுத்து எழுத்துக் கூட்டிப் படிக்கிற ஆள். பாதியில் சலித்துப்போய் மருமகள் அமுதாவைப் படிக்கச் சொன்னார். வீட்டுக்கு ஐந்து பெட்டைக்கோழி வரை வைத்துக்கொள்ளலாம். கூண்டைத் தினமும் கூட்டிக் கழுவ வேண்டும். ரோட்டில் மேய விடக் கூடாது. சேவல் கூடவே கூடாது. ஆனால் சாமிக்கு நேந்துவிட்ட சேவலாக இருந்தால், திருவிழா வரைக்கும் இருக்கலாம்.

"கடைசியா என்னா சொன்ன?"

"நேந்துவிட்ட சேவல்னா இருக்கலாமாம் மாமா."

மதலைமுத்து தாடையைச் சொறிந்துகொண்டார். சட்டத்தில் எவனாவது ஒரு ஓட்டை வைத்தால், அதில் நுழைய எவனோ காத்திருக்கிறான் என்பது அவர் கணக்கு.

அவர் சேவலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். செவலை உடம்பு, கருப்பு நெஞ்சு, வெயில் பட்டால் பச்சையாக மின்னுகிற வால். பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் தங்கச்சி வீட்டில் பொரித்த குஞ்சு. தாய்க்கோழியை நாய் கவ்விக்கொண்டு போன அன்றைக்கு, மிச்சம் நின்ற ஒற்றைக் குஞ்சைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி வந்தார். கண்டக்டர் டிக்கெட் கேட்டபோது பையிலிருந்து அது கீச்சென்றது. இப்போது அது நடந்து வந்தால் தெருநாய் ஒதுங்கும். ஒருதரம் அதைத் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போனார். விற்க இல்லை, காட்ட. வத்தல்மலையிலிருந்து வந்த ஒரு ஆள் சுற்றிச் சுற்றி வந்து, கேட்ட விலையைத் தருவதாகச் சொன்னான். "விலை கேக்கறதா இருந்தா தள்ளி நின்னு கேளு, அவனுக்குக் கோவம் வரும்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தார். அன்றைக்கு ராத்திரி சாப்பாடு அவருக்கு இரண்டு கை கூடவே இறங்கியது.

சட்டம் ஒட்டிய ஒரு வாரத்தில் சாமந்தி நகரில் பக்தி பொங்கி வழிந்தது. மூலை வீட்டு ராமக்காளின் நாலு சேவலும் ஒரே நாளில் முனியப்பனுக்கு நேந்தவையாகிவிட்டன. போன மாசம் வரை அந்தச் சேவல்கள் அவள் வீட்டுக் குழம்புக்கு நேந்தவை. மதலைமுத்துவுக்கு இடப்பக்கத்து வீட்டு கவுஸ் பாஷா, பஸ் ஸ்டாண்டு ஓரம் மெத்தைக் கடை வைத்திருப்பவர், தன் வெள்ளைச் சேவல் தர்கா கந்தூரிக்கு என்றார். இத்தனை சேவல் வரப்போவது அந்தந்தச் சாமிக்கே தெரியுமோ தெரியாதோ.

மிச்சம் இருந்தது செயலாளர் வீட்டுச் சேவல் ஒன்றுதான்.

சனிக்கிழமை சாயங்காலம் ஆண்டனி கூண்டுப் பக்கம் வந்து நின்றான். வரவே வராதவன் வந்து நின்றதும் மதலைமுத்துவுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"அப்பா, நாளைக்கிக் கூட்டம். வூடு வூடா கேப்போம். அந்தோணியாருக்கு நேந்ததுன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. அவ்ளோதான்."

"நேந்தா குடுக்கணும்டா."

"குடுக்கறப்ப பாத்துக்கலாம்ப்பா."

"அப்ப அந்தோணியாரையே ஏமாத்தச் சொல்ற. உனக்கு வெச்சதே அவரு பேருதான், ஞாபகம் இருக்குதா?"

"எல்லாரும் அப்படித்தாம்ப்பா சொல்றாங்க."

"எல்லாரும் சொல்றாங்கன்னுதான் எனக்கு வாய் வர மாட்டேங்குது."

ஆண்டனி செருப்பால் மண்ணைக் கிளறினான். "அப்ப சேவலு போகணும். நானே போட்ட சட்டம். என்னா பண்றது நானு?"

"போகட்டும். அவன் போனா நானும் போறேன். தங்கச்சி வூட்டுல எங்க ரெண்டு பேருக்கும் எடம் இருக்குது."

சமையலறை ஜன்னலிலிருந்து அமுதாவின் குரல் வந்தது. "நல்லாருக்குது மாமா! நீங்க பாட்டுக்குச் சேவலத் தூக்கிட்டுப் பஸ் ஏறிடுவீங்க. மருமவ சோறு போடல, அதான் கெழவன் போயிட்டான்னு ஊரு என்னயத்தான் பேசும்."

"நீ போடற சோத்தத் தின்னுட்டுத்தான் போறேன்னு சொல்லிட்டுப் போறேன், வுடு."

"அதச் சொன்னா இன்னும் சந்தேகப்படுவாங்க."

ஆண்டனிக்குச் சிரிப்பு வரவில்லை. உள்ளே போய்விட்டான்.

மறுநாள் காலையில் பூசை முடிந்து வந்ததும் மதலைமுத்து மஞ்சப்பையில் இரண்டு வேட்டி, ஒரு துண்டு, செபமாலை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டார். சேவலைக் கக்கத்தில் இடுக்கினார். டேங்குக்கு அடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு நகரமே உட்கார்ந்திருந்தது. அவர் வந்த கோலத்தைப் பார்த்து கவுஸ் பாஷா எழுந்து நின்றே கும்பிட்டார்.

"வாங்கண்ணே! மாப்ளையக் கூட்டிக்கிட்டுப் பொண்ணு பாக்கக் கெளம்பிட்டீங்களா?"

"ஆமா பாய். பொண்ணு வூட்டுக்காரங்க யோக்கியமான்னு பாக்கத்தான் வந்தேன்."

சிரிப்பு எழுந்தது. ஆண்டனி சிரிக்கவில்லை. அவன் கண் மஞ்சப்பையின் மேலேயே இருந்தது.

வீடு வீடாகக் கேட்டான். ராமக்காள் எழுந்து முந்தானையைச் சொருகிக்கொண்டு, "நாலும் முனியப்பனுக்குத்தானுங்க" என்றாள். கவுஸ் பாஷா "கந்தூரிக்கு" என்று சொல்லி வானத்தைப் பார்த்தார். கேட்கக் கேட்க நகரில் ஒரு சேவல்கூட வெறும் சேவலாக இல்லை.

தன் வீட்டு நம்பர் வந்ததும் ஆண்டனி நிறுத்தினான்.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "அதத் தாண்டிப் போங்க சார். அப்பா சர்ச்சுக்கு நேந்திருப்பாரு, இதப் போயி கேக்கணுமா" என்றது. நாலைந்து தலைகள் ஆடின. எல்லாருக்கும் அவசரம். வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

"நேரல" என்றார் மதலைமுத்து.

"பெரியவரே, ஒரு பேச்சுக்கு..."

"பேச்சுக்கு நேர்றதுன்னு ஒண்ணு இருக்குதா? இவன் முனியப்பனுக்கும் இல்ல, கந்தூரிக்கும் இல்ல, அந்தோணியாருக்கும் இல்ல. இவன் எனக்கு. நான் வளத்தேன், நான் பாத்துக்கறேன். ஒருத்தருக்கும் நேந்து வுடல."

சேவல் அந்த நேரம் பார்த்துக் கழுத்தை நீட்டி ஒரு கூவு கூவியது. டேங்குத் தூணில் மோதித் திரும்பி வந்தது சத்தம். யாரும் சிரிக்கவில்லை.

எல்லாரும் இப்போது ஆண்டனியைப் பார்த்தார்கள். மதலைமுத்துவும் பார்த்தார். அவருக்குத் தெரியும், இவன் மழுப்புவான். ஆபீசில் வேலை பார்க்கிறவன் எல்லாம் மழுப்புவான். "அடுத்த கூட்டத்துல பாத்துக்கலாம்" என்பான், "பரிசீலனை" என்பான். அப்படிச் சொன்ன நிமிஷம் எழுந்து பஸ்ஸுக்குப் போய்விடுவது என்று காலைத் தயாராக வைத்திருந்தார்.

ஆண்டனி நோட்டில் எழுதி, அதை அப்படியே படித்தான்.

"வூட்டு நம்பர் பதினேழு. மதலைமுத்து. சேவல் நேர்ச்சை இல்லைன்னு சொல்லிட்டாரு. சங்க விதிப்படி இன்னைக்கிச் சாயங்காலத்துக்குள்ள சேவல அப்புறப்படுத்தணும்."

அப்பா என்றுகூடச் சொல்லவில்லை. பேரைச் சொன்னான். நடுத்தெருவில், நகரமே கேட்க, குரல் நடுங்காமல் சொன்னான்.

மதலைமுத்துவுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது வேறு. சந்தையில் வத்தல்மலைக்காரன் அவர் சேவலைச் சுற்றிச் சுற்றி வந்தபோது நெஞ்சில் ஏறியதே, அதே போல ஒன்று, அதைவிடப் பெரியதாக ஏறியது. பெத்தவன் என்றும் பார்க்காமல் சொல்லிவிட்டானே பயல்! இவனுக்கு முதுகெலும்பு இல்லை என்று இத்தனை வருசம் நினைத்துக்கொண்டிருந்தோமே என்று தோன்றியது. யாரும் பார்த்துவிடக் கூடாதென்று சேவலின் றெக்கையைத் தடவுகிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டார்.

ஆண்டனி உட்காரவில்லை.

"இன்னொண்ணு. அந்த நேர்ச்சை விதிய எழுதினது நான்தான். எங்கப்பாவுக்காக எழுதினேன். அவரு ஒரு வார்த்தை சொல்லிட்டா சேவலும் இருக்கும், சட்டமும் இருக்கும்னு நெனச்சேன். அவரு பொய் சொல்ல மாட்டேன்னுட்டாரு. அவரு சேவலு போகுதுன்னா அந்த விதி இருக்கக் கூடாதுங்க. அத எடுத்துடறேன். எந்தச் சேவலும் இருக்கக் கூடாது."

கிளம்பியது ஒரே கூச்சல். நாற்காலிகள் பின்னால் சாய்ந்தன. ராமக்காள் தலையில் கைவைத்து, "அய்யோ தேவுடா, நாலும் போகணுமா?" என்றாள்.

"முனியப்பனுக்குத்தானே ராமக்கா, இப்பவே குடுத்துடேன்" என்றார் கவுஸ் பாஷா.

"அட நீங்க வேற பாயி! முனியப்பன் கேக்கவே இல்ல, நானாத்தான் சொன்னேன். ஒங்க வெள்ளச் சேவல கந்தூரிக்காரங்க கேட்டாங்களா?"

"கேக்கலதான்" என்றார் பாஷா, தாடியைத் தடவிக்கொண்டு. "அண்ணன் ஒருத்தரு பொய் சொல்ல மாட்டேன்னு ஒக்காந்துட்டாரு. இப்ப நம்ம பொய்யி தனியாத் தெரியுது."

சத்தத்துக்கு நடுவில் பின்னாலிருந்து ஒரு கை எழுந்தது. பதினேழுக்கு வலப்பக்கத்து வீட்டு மணிமேகலை. ஆஸ்பத்திரியில் நர்சு. ராத்திரி டூட்டி முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல், டிபன் பையும் கையுமாக நின்றிருந்தாள். முதல் புகார் கொடுத்தது அவள்தான் என்று எல்லாருக்கும் தெரியும்.

"நான் சேவல் வேணாம்னு சொல்லவே இல்லைங்க" என்றாள். "விடியக்காத்தால அது கூவறப்ப நான் வூட்டுலயே இருக்கறது இல்ல. நான் தூங்கறதே பகல்லதான். கூண்டு என் ஜன்னலுக்குக் கீழ இருக்குது. பகல்ல அங்க நின்னு கூவுது. கூண்ட அந்தப் பக்கம் தள்ளி வெச்சாப் போதும்னு எழுதினேன். நீங்க அத சேவலே கூடாதுன்னு ஆக்கிட்டீங்க."

மதலைமுத்து நிமிர்ந்தார். "ஏம்மா, செவுத்துக்கு அந்தப் பக்கம்தான இருக்கற? எட்டிப் பாத்து எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்னா?"

"சொல்லலாந்தாங்க. உங்க மூஞ்சியப் பாத்து யாருங்க சொல்றது?"

இந்தத் தடவை சிரித்ததில் ஆண்டனியும் இருந்தான். அமுதா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மதலைமுத்து சிரிக்கவில்லை. தாடையைச் சொறிந்துகொண்டார். அது உண்மைதான்.

"கூண்டு என் பக்கம் வரட்டும்" என்றார் கவுஸ் பாஷா. "நான் பகல்ல கடையில இருப்பேன். எம் பொண்டாட்டி வஹிதாவுக்கு எங்க சேவலோட சத்தமே பழகிப்போச்சு, இன்னொண்ணுக்கு என்னா வந்துச்சு."

அதைப் பிடித்துக்கொண்டு ஆளுக்கொன்று பேசினார்கள். வீட்டுக்கு ஒரு சேவல். ரெண்டு பக்கத்து வீட்டுக்காரங்களும் சரி என்று சபையில் சொன்னால் இருக்கலாம். நேர்ச்சைப் பேச்சே வேண்டாம். ராமக்காள் மட்டும் நாலில் எதை வைத்துக்கொள்வது என்று அழுகிற குரலில் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆண்டனி, "ஒத்துக்கறவங்க கையத் தூக்குங்க" என்றான்.

மணிமேகலை முதலில் கையைத் தூக்கினாள். பாஷா தூக்கினார். அப்புறம் வரிசையாக எழுந்தன கைகள்.

மதலைமுத்து எண்ணவில்லை. போன மாசம் இதே கைதான் சேவலே கூடாது என்று எழுந்தது. அடுத்த மாசம் எதற்கு எழும், யார் கண்டது. சேவலைக் கக்கத்தில் நன்றாக இடுக்கிக்கொண்டு, மஞ்சப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். ஆண்டனியைத் தாண்டும்போது நின்றார்.

"நல்லாத்தான் படிச்ச" என்றார். "இன்னும் கொஞ்சம் சத்தமாப் படிச்சிருக்கலாம்."

ஆண்டனி திரும்பிப் பார்த்தான். கிழவர் அதற்குள் நாலடி தாண்டியிருந்தார்.

அமுதா பின்னாலேயே ஓடி வந்தாள். "மாமா, எங்க போறீங்க? முடிவு நம்ம பக்கம் மாமா! அங்க பாருங்க, எல்லாரும் கையத் தூக்கியிருக்காங்க."

"கூண்டத் தள்ளி வெக்கப் போறேன். அந்தப் பொண்ணு தூக்கமில்லாம நிக்கிது."

"அப்பாடா. அந்தப் பையக் குடுங்க, துணிய மடிச்சு உள்ள வெக்கறேன்."

"வேணாம்."

"அதான் இருக்கலாம்னு சொல்லிட்டாங்களே மாமா."

"சொல்லியிருக்காங்க" என்றார். "பையி கூண்டுப் பக்கத்துல ஆணியிலயே தொங்கட்டும்."

சேவல் கக்கத்திலிருந்து தலையைத் திருப்பிக் கூட்டத்தை ஒருதரம் பார்த்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பை ஒரு கையில் ஆட, வீட்டைப் பார்த்து நடந்தார்.