நாய்க் கணக்கில் ஒரு பூனை

அண்ணி பூனையைக் கூடையில் தூக்கிக்கொண்டு, நாத்தனார் வேலை செய்யும் கால்நடைக் கிளினிக்குக்கு வந்தது திங்கள் காலை. வீடு மாறியதிலிருந்து ஐந்து நாளாகத் தட்டைத் திரும்பிப் பார்க்கவில்லையாம். வீட்டில் அதைக் குண்டன் என்பார்கள். பெயருக்கு வஞ்சகம் செய்யாத உடம்பு.

அங்கே ரத்தப் பரிசோதனை முழுக்க நாத்தனார் பொறுப்பு. பின்னங்காலில் குத்தி ரத்தம் எடுத்தாள், சுழலவிட்டாள், தெளிந்து நின்ற நீரை இயந்திரத்தில் வைத்தாள். வந்த தாளில் ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் ‘சரி’ என்று இருந்தது. அடுத்த அறுவைக்குக் கை கழுவிக்கொண்டிருந்த டாக்டரம்மாவிடம் வாசித்துக் காட்டினாள். அவர் தலையாட்டினார்.

“ஈரல்ல ஒண்ணும் இல்ல அண்ணி. புது வீடு பிடிக்கலன்னு நாடகம் ஆடறான்.”

“உங்க அண்ணன் மாதிரியா?”

“அண்ணனால அஞ்சு மணி நேரம் பட்டினி கெடக்க முடியுமா? இவன் அஞ்சு நாள் தாங்கறான்.”

அண்ணி சிரித்துக்கொண்டே போனாள்.

வியாழன் மதியம், அந்த வாரத்துத் தாள்களைக் கோப்பில் சேர்க்கும்போது குண்டனுடையது கைக்கு வந்தது. மேலே, இனம் என்ற இடத்தில், ‘நாய்’ என்று அச்சாகியிருந்தது. அவனுக்கு முன்னால் இயந்திரத்தில் ஒரு நாயின் ரத்தம் ஓடியிருந்தது. இனத்தை மாற்றிவிட்டுத்தான் பொத்தானை அழுத்த வேண்டும். அவள் மாற்றவில்லை.

ஏ.எல்.பி. என்ற நொதி 142. நாய்க்கு அது கண்டுகொள்ள வேண்டாத எண். பூனையின் ரத்தத்தில் அந்த நொதி சில மணி நேரத்துக்கு மேல் தங்காது. கொஞ்சம் ஏறி நின்றாலே ஈரலில் கோளாறு என்று பொருள். குண்டுப் பூனை பட்டினி கிடந்தால் உடம்புக் கொழுப்பு முழுக்க ஈரலில் போய் அப்பிக்கொள்ளும். இதெல்லாம் தெரியாதவளாக இருந்திருந்தால் தேவலாம்.

தாளைக் கிழித்துப் போடலாம். புதிதாக ரத்தம் எடுத்து, இப்போதுதான் ஏறியிருக்கிறது என்று சொல்லிவிடலாம். ஒரு ஈ காக்காவுக்கும் தெரியாது. அந்த யோசனை வந்து ஒரு நிமிடம் உட்கார்ந்திருந்தது. பிறகு போனை எடுத்தாள்.

“அண்ணி, சாப்பிட்டானா?”

“எங்க? நீதான் நாடகம்னு சொல்லிட்டியே. நானும் கெஞ்சாம விட்டுட்டேன்.”

“உடனே கூட்டிட்டு வாங்க. அன்னிக்கு நாய்க் கணக்குல பாத்துட்டேன். அவனுக்கு ஈரல் கெட்டிருக்கு. தப்பு என்னோடது.”



“எட்டு நாளாச்சுடி,” என்றாள் அண்ணி.

கூடையைத் திறந்தபோது காதின் உட்புறம் மஞ்சளாக இருந்தது. பித்தநிறமியான பிலிருபின் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. டாக்டரம்மா கழுத்து வழியாகக் குழாய் வைத்தார். “நானும் தாளை வாங்கிப் பாக்கல. அதுக்காக உன்னை விட்டுருவேன்னு நெனைக்காத,” என்றார்.

குழாயில் நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை கூழ். அண்ணி பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். நாத்தனாரிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் ரத்தம் எடுத்தபோது பிலிருபின் இன்னும் ஏறியிருந்தது.

“பொழைப்பானா?”

“தெரியல அண்ணி.”

ஆறாம் நாள் ஏறவில்லை. ஒன்பதாம் நாள் பாதியாக இறங்கியது. பன்னிரண்டாம் நாள் குண்டன் கூழ்க் கிண்ணத்தைத் தானாக நக்கினான், இரண்டே நக்கு. டாக்டரம்மா குழாயோடு வீட்டுக்கு அனுப்பினார்.

வாசலில் அண்ணி திரும்பினாள்.

“அடுத்த ரத்தம் வேற எடத்துல எடுத்துக்கறேன்.”

“சரி அண்ணி.”

“மூஞ்சியத் தூக்காத. ஞாயித்துக்கிழம சாப்பிட வா. அது வேற, இது வேற.”

அவள் அண்ணியின் கூடையைக் காருக்குள் வைத்துக் கதவைச் சாத்தினாள்.