இடைவெளி விட்டு நடந்த கூட்டணி

1

இது சிரிப்புக் கதையாக இருந்திருக்க வேண்டியது. அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

பாரிஸின் லா சப்பல் பகுதியில் ஒரு கடையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்து மேசையில் யாரோ சொன்னார்கள்: விட்டுவந்த ஊரில் இருக்கும் ஒரே ஜனாதிபதிக்கு எதிராக, ஒரே நாளில், ஒரே தெருவில் ஊர்வலம் போன இரண்டு தமிழ்க் கூட்டங்களை எதிரிகள் என்று நினைத்துப் பொலிஸ்காரர்கள் நடுவில் இரும்புத் தடுப்பு வைத்துப் பிரித்தார்களாம். மேசையே குலுங்கியது. நானும் சிரித்தேன். இடதுசாரிகளைக் கிண்டல் செய்து எழுதுவது பாதுகாப்பான தொழில். அவர்கள் அடிக்க வரமாட்டார்கள். கூட்டம் போட்டுக் கண்டிப்பார்கள். அந்தக் கண்டனத் தீர்மானத்தின் இரண்டாவது பந்தியில் உடன்பாடு வருவதற்குள் நான் அடுத்த கதைக்குப் போயிருப்பேன்.

முதல் வரி உடனே வந்தது.

[பாரிஸின் பத்தாம் வட்டாரத்தில் அன்று புரட்சியானது வாகனம் நிறுத்த இடம் கிடைக்காமல் சுற்றிச்சுற்றி]

அதற்கு மேல் போகவில்லை. தடுப்பின் இந்தப் பக்கத்தில் யார் யார் நின்றார்கள் என்று எழுதத் தொடங்கியபோது ஒரு பெண் வந்து நின்றுவிட்டார். எல்லோரும் சிரிக்கும் காட்சி அது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. இரண்டு முறை வெட்டிப் பார்த்தேன். மூன்றாவது முறை அவருக்குப் பெயர் வைக்க வேண்டியதாயிற்று.

2

பெயர் றஜனி. ஐம்பதைக் கடந்தவர். புறநகரான கார்ஜ் லே கொனெஸில் வீடு. முதியோர் இல்லம் ஒன்றில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் ரயிலேறி லா சப்பலுக்கு வருவார். ஊருக்குப் பொதி அனுப்பும் கடை ஒன்றின் பின்னறையில், கட்டப்பட்ட பெட்டிகளின் மேல் உட்கார்ந்து இடதுசாரிகள் கூட்டம் நடத்துவார்கள். கடை வாமதேவனுடையது. அமைப்பின்* செயலாளரும் அவரே. வெளியே அவர் றஜனியைத் ‘தங்கச்சி’ என்பார். கூட்டம் தொடங்கியதும் ‘தோழர்’ ஆக்கிவிடுவார்.

* அமைப்பு என்று ஒருமையில் எழுதியது தவறு. லா சப்பலில் தமிழ் இடதுசாரி அமைப்புகள் நான்கு. உறுப்பினர்களைக் கூட்டினால் ஒரு வேன் நிறையும். ஒருவர் இரண்டு அமைப்புகளில் இருக்கிறார். அவருக்குள் அவ்வப்போது பிளவு ஏற்படும்.

ஊரில் அப்போது ஜனாதிபதியின் நாற்காலி ஆடிக்கொண்டிருந்தது. எரிவாயு இல்லை, பால்மா இல்லை. ஏன் இல்லை என்று கேட்கப் போனவர்கள் மீது துப்பாக்கிச் சூடு. (நாட்டின் பெயரையும் அவர் பெயரையும் எழுதப்போவதில்லை. இவர் கற்பனை ஜனாதிபதி. கற்பனை ஜனாதிபதிகள் வழக்குப் போடுவதில்லை என்பது ஒரு வசதி. அவர்களும் தாமாகப் பதவி விலகுவதில்லை என்பது சங்கடம்.)

றஜனிக்கு ஒரு தம்பி இருந்தான். சிவமணி. மாணவர் சங்கச் சுவரொட்டி ஒட்டப் போனவனை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். திரும்பி வரவில்லை. அது இந்த ஜனாதிபதியின் காலம் அல்ல. அன்றைக்கு ஆண்டது வேறு கட்சி. அந்தக் கட்சிதான் இன்றைக்கு ஊரில் பிரதான எதிர்க்கட்சி. ஜனநாயகத்துக்காக மிகவும் கவலைப்படுகிறது.

அதன் பாரிஸ் கிளைக்காரர் தவசீலன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சூடான ரோல்ஸ் நிறைந்த பெட்டியோடு, பின்னறைக்குள் குனிந்து வந்தார்.

3

“எல்லாரும் சேந்து ஒரு ஊர்வலம் போவம்” என்றார் தவசீலன். “எங்களிட்டை சனம் இருக்கு. உங்களிட்டை…” சுற்றிப் பார்த்தார். “…கொள்கை இருக்கு.”

யாரும் மறுக்கவில்லை. ரோல்ஸும் குறைந்தது.

“கூட்டணி எண்டு போடேலாது” என்றார், இரண்டு அமைப்புகளிலும் இருக்கும் அந்த இரண்டு அமைப்புக்காரர். “கூட்டு நடவடிக்கை எண்டு போடலாம்.”

“என்னத்தையும் போடுங்கோ அண்ணை. ஆனா ஒண்டு. இண்டைக்கு எங்களுக்கு ஒரே ஒரு எதிரிதான். பழசைக் கிண்டத் தொடங்கினா அவன் கதிரையில இருந்துகொண்டு சிரிப்பான்.”

“பழசெண்டு எதைச் சொல்லுறியள் தம்பி?” என்று கேட்டார் றஜனி.

“பொதுவாத்தான் சொன்னனான் அக்கா.”

“என்ர தம்பி பொதுவோ?”

வாமதேவன் தொண்டையைச் செருமினார். “தோழர், இவன் போனால்தான் சிவமணியைப் பற்றிக் கேக்கவாவது ஒரு கதவு திறக்கும்.”

“அந்தக் கதவைப் பூட்டினவையளிட்டையே திறப்பு வேண்டப் போறம், வாமண்ணை?”

கூட்டத்தில் றஜனி ‘தோழர்’ என்று சொல்லாமல் ‘வாமண்ணை’ என்றது அதுவே முதல் தடவை. வாமதேவன் அதைக் கூட்டக் குறிப்பில் எழுதவில்லை.

தவசீலன் நல்ல மனிதர். நிறைய யோசித்துவிட்டே பேசினார். “அக்கா, ஊர்வல முடிவில உங்களுக்கு மைக் தாறம். தம்பியின்ரை பேரைச் சொல்லுங்கோ. படத்தைக் காட்டுங்கோ. அழவேணுமெண்டால் அழுங்கோ, சனம் கேக்கும். ஆண்டை மட்டும் சொல்லாதேங்கோ.”

“ஏன்?”

“ஆண்டைச் சொன்னா சனம் விரல்விட்டு எண்ணிப் பாக்குமெல்லோ, அப்ப ஆற்றை ஆட்சியெண்டு.”

 றஜனி எத்தனையோ கூட்டங்களில் பேச இடம் கேட்டிருக்கிறார். தன் பக்கத்து ஆட்கள் நேரமில்லை என்றார்கள், பெரிய கேள்விகளை முதலில் தீர்ப்போம் என்றார்கள். தம்பியின் பெயரை ஒரு மைதானத்தில் ஒலிபெருக்கியில் சொல்லலாம் என்று முதல்முதலாகச் சொன்னவன் இவன்தான். அதுவே அவருக்கு எரிச்சலாக இருந்தது.

“யோசிச்சுச் சொல்லுறன்” என்றார்.

4

இங்கே நிறுத்தி ஒரு திருத்தம். முதல் பிரதியில் தவசீலனுக்குத் தொப்பையும் கையில் தங்கச் சங்கிலியும் கொடுத்திருந்தேன். பெரிய கட்சிக்காரன் என்றால் தொப்பை வைத்துவிட்டு அடுத்த வரிக்குப் போவது ஒரு சோம்பல். எடுத்துவிட்டேன். இப்போது ஒல்லியாக இருக்கிறார். அதனால் அவரை வெறுப்பது கடினமாகிவிட்டது. அவருடைய கட்சி சிவமணியைக் கொண்டுபோனபோது அவர் இப்போது குடியிருக்கும் பொண்டிப் புறநகருக்கே வந்திருக்கவில்லை. ஊரில் அரைக் காற்சட்டையோடு திரிந்திருப்பார். ஜீப்பை அவர் ஓட்டவில்லை. ஆனால் ஜீப்பை ஓட்டியவர்களின் கொடியை இப்போது அவர்தான் ஊர்வலத்தின் முன்வரிசையில் பிடிக்கிறார். ஒரு கொடியைக் கையில் எடுக்கிறவன் அதன் பழைய கறைகளையும் சேர்த்துத்தான் எடுக்கிறானா? இந்தக் கேள்வியை வாமதேவனிடம் கொடுத்தால் நான்கு பக்கம் எழுதுவார். செங்கொடிகளிலும் கறை உண்டே என்று யாராவது கேட்டால் இன்னும் நான்கு பக்கம்.

ஜனாதிபதி போகவேண்டும். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை, றஜனிக்கும் இல்லை. பின்னறை ஆட்கள் மட்டும் தெருவில் இறங்கினால் லா சப்பலில் காய்கறி வாங்க வந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். ஆகவே சேரத்தான் வேண்டும். ஆகவே, [சேர்ந்தால் எதைக் கொடுத்துச் சேர்வது என்கிற கேள்வியை வரலாறு நமக்கு]

வேண்டாம். கட்டுரை வாசனை வருகிறது. தெருவுக்குப் போவோம்.

5

பின்னறை கடைசியில் இப்படித் தீர்மானித்தது: சேர்ந்து போராடுவோம், தனியாக நடப்போம். எதிர்க்கட்சிக்காரர் முன்னே. நடுவில் ஒரு பேருந்து நுழையும் அளவு இடைவெளி. பிறகு நம்மவர்கள். அந்த இடைவெளியில்தான் கொள்கை இருந்தது.

ஊர்வலம் லா சப்பலில் இருந்து ரிப்பப்ளிக் சதுக்கத்தை நோக்கிப் புறப்பட்டது. முன்னே மேளம், ஒலிபெருக்கி, குடும்பம் குடும்பமாகச் சனம். பின்னே ஒரு வேன் நிறையும் மனிதர்கள், ஐந்து பதாகைகள். முன்கூட்டம் வேகம் குறைத்தால் பின்கூட்டம் நின்றது. முன்கூட்டம் திரும்பிப் பார்த்தால் பின்கூட்டம் வானத்தைப் பார்த்தது. முன்னே ஒரு கோஷம் எழுந்தால் பின்னே அதே கோஷத்தைச் சற்றுத் திருத்திச் சொன்னார்கள்.

கூட வந்த பொலிஸ்காரர்கள் இதைக் கவனித்தார்கள். தமிழ் தெரியாது. தெரிந்ததெல்லாம், இந்தச் சிறு கூட்டம் அந்தப் பெரிய கூட்டத்தை ஒரே தூரத்தில் விடாமல் பின்தொடர்கிறது, அவர்கள் கத்தினால் முறைத்துக்கொண்டு வேறு ஏதோ பதிலுக்குக் கத்துகிறது. ஜனாதிபதியின் ஆட்கள் என்று முடிவு கட்டினார்கள். சதுக்கத்துக்குச் சற்று முன்னால் இரும்புத் தடுப்பு வந்து விழுந்தது.

“என்ன இது?” என்றார் வாமதேவன். “நாங்கள் எதிர்ப்பு ஆக்கள்!”

“நாங்கள் எதிர்ப்பு எண்டுதான் பொலிஸ்காரரும் நினைக்கினம்” என்றார் இரண்டு அமைப்புக்காரர்.

மேடை தடுப்புக்கு அந்தப் பக்கம். மைக்கும் அங்கே; பேசுகிறேன் என்று மட்டும் றஜனி சொல்லியிருந்தார், ஆண்டைப் பற்றி வாக்குக் கொடுக்கவில்லை. தவசீலன் தடுப்பருகே ஓடி வந்தார். “அக்கா, உங்களைத்தான் கூப்பிடப் போயினம்! இவையளுக்கு விளங்கப்படுத்துங்கோ!”

இளம் பொலிஸ்காரி ஒருத்தி றஜனியிடம் வந்தாள். முதியோர் இல்லத்தில் பழகிய பிரெஞ்சு றஜனிக்கு. கேள்வி தெளிவாக விளங்கியது.

“மதாம், நீங்கள் அவர்களோடு வந்தீர்களா, அவர்களுக்கு எதிராக வந்தீர்களா?”

பின்னறையில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் தீராத கேள்வி. ஒரே வாக்கியத்தில், ஹெல்மெட் போட்டுக்கொண்டு கேட்கிறாள்.

“அவசரப்படாதேங்கோ தோழர்” என்று கிசுகிசுத்தார் வாமதேவன். “இதைக் கலந்து பேசி…”

“ஓமெண்டு சொல்லுங்கோவன் அக்கா!” தடுப்புக்கு அந்தப் பக்கம் தவசீலன்.

றஜனி இருவரையும் பார்க்கவில்லை.

“இன்றைக்கு மட்டும் அவர்களோடு” என்றார் பிரெஞ்சில்.

“மதாம்,” என்றாள் பொலிஸ்காரி, “நானும் இன்றைக்கு எப்படி என்று மட்டும்தான் கேட்டேன்.”

தடுப்பை நகர்த்தினாள். றஜனி அந்த இடைவெளியைக் கடந்து போனார். தனியாக. பின்னால் வாமதேவன் ஒரு கணம் நின்றார்; பிறகு பதாகையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அவரும் போனார்.

6

இங்கிருந்து எனக்கு மூன்று முடிவுகள் வந்தன. மூன்றையும் எழுதிப் பார்த்தேன்.

முதலாவதில் றஜனி ஆண்டைச் சொல்லிவிடுகிறார். தவசீலன் மைக்கை அணைக்கிறார். கூட்டம் இரண்டாகிறது. வாசகர் கைதட்டுவார். ஆனால் மறுநாள் ஊரில் ஜனாதிபதியின் தொலைக்காட்சி இந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கும் என்று தோன்றியதும் என் கைதட்டல் நின்றுவிட்டது.

இரண்டாவதில் சொல்லவில்லை. பேரைச் சொல்கிறார், படத்தைக் காட்டுகிறார், அழுகிறார். சனம் கேட்கிறது. சில வாரங்களில் ஜனாதிபதி விமானம் ஏறுகிறார். புதிய ஆட்சி ‘காணாமல் போனோர்’ பற்றி விசாரணை தொடங்குகிறது. முந்தைய ஜனாதிபதியின் காலத்தில் இருந்து மட்டும். இது நடக்கக்கூடிய முடிவு. அதனாலேயே என்னால் அதைத் தொடர்ந்து எழுத முடியவில்லை.

மூன்றாவதில் மைக்கைப் பிடித்தபடி ஒன்றும் பேசாமல் நிற்கிறார். ஆழமான மௌனம். சதுக்கமே உறைகிறது. எழுதியவனுக்கு என்ன செய்வதென்று தெரியாதபோது பாத்திரங்கள் இப்படி மௌனமாவது வழக்கம். கிழித்தேன்.

 றஜனி பேச வந்தவர். அவரை வாயடைக்க ஏற்கெனவே போதுமான ஆட்கள் இருந்தார்கள். நான் வேறு எதற்கு?

7

ஆகவே மிஞ்சியிருப்பது இவ்வளவே.

மேடை. றஜனியின் குரல் முதலில் ஒலிபெருக்கியில் கிறீச்சிட்டது. கொஞ்சம் தள்ளிப் பிடித்தார்.

“வணக்கம். என்ர பேர் றஜனி. இந்த ஜனாதிபதி போகவேணும். அதுக்குத்தான் வந்தனான். இதுக்குள்ள நிக்கிற எல்லாரோடையும் சேந்து வந்தனான்.”

கைதட்டல்.

“எனக்கு ஒரு தம்பி இருந்தவன். சிவமணி. நல்லாப் பகிடி விடுவான். பசை வாளியோட போனவன். அவனைக் கொண்டு போனது…”

தவசீலன் ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கிறார். கை பொத்தானின் மேல் இருக்கிறது. அழுத்தவில்லை. அழுத்துவாரா என்பது அவருக்கே தெரியாது. முகத்தைப் பார்த்தால் தெரிகிறது. வாமதேவன் கூட்டத்துக்குள் அந்நியக் கொடிகளுக்கு நடுவே நின்று, எதையும் திருத்தாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அந்த ஆண்டை நான் எங்கேயும் எழுதவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். பயம் என்று நினைக்கலாம், கொஞ்சம் அதுவும்தான். ஆனால் இதைப் படிக்கிற பல வீடுகளில் ஒரு ஆண்டு இருக்கிறது. ஆர்ஜொந்தெய் வீட்டில் ஒன்று, பொண்டி வீட்டில் வேறொன்று. ஒவ்வொரு ஆண்டிலும் யாரோ ஒருவர் ஆண்டுகொண்டிருந்தார். சில ஆண்டுகளில் ஆண்டவர்கள் அரசாங்கமே இல்லை. நம் பக்கம் என்று சொல்லிக்கொண்டவர்கள். எந்த ஆண்டைச் சொன்னாலும் மேடையில் ஒருவருடைய முகம் கறுக்கும். நான் ஒன்றை எழுதினால் மற்ற வீடுகள் நிம்மதியாகிவிடும்.

ஆகையால் உங்கள் வீட்டு ஆண்டை நீங்களே போடுங்கள். போட்டால் கூட்டணி உடையலாம், உடைந்தால் அந்த மனிதர் நாற்காலியில் இருந்துவிடலாம். போடாவிட்டால் அவர் போய்விடலாம், சிவமணி இன்னொரு முறையும் போய்விடுவான். இரண்டையும் தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள். அவசரமில்லை என்று சொல்லத்தான் ஆசை.

ஆனால் றஜனி அடுத்த சொல்லுக்கு மூச்சை இழுத்தாயிற்று.