நடுவரின் மூக்கு வழியாக

விசில் ஊதுகிறவருக்கு வசவு புதிதல்ல. வாரம் முழுக்க மின்சார அலுவலகத்தில் மீட்டர் புகார்களோடு மல்லுக்கட்டிவிட்டு, விடுமுறை நாட்களில் கால்பந்து நடத்தப் போகிறவர் அவர். அலுவலகத்திலும்கூட அவருக்கு ‘நடுவர்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. ‘கண்ணு தெரியலையா’ என்று கோட்டுக்கு வெளியே நின்று கத்துகிறவர்களை அவர் ஒரு பொருட்டாக எடுத்துக்கொண்டதே இல்லை. ஆனால் அந்த ஆண்டு கத்தியவர்கள் பக்கம்தான் நியாயம் இருந்தது.

பந்து ஓரக்கோட்டைத் தாண்டியது அவருக்குத் தெரியவில்லை. பக்கத்திலேயே ஒருவன் இன்னொருவனின் சட்டையைப் பிடித்து இழுத்ததும் தெரியவில்லை. கடைசியில் ஒரு நாள், இடப்பக்கமிருந்து ஓடிவந்த தடுப்பாட்டக்காரன்மேல் அவரே போய் மோத, இருவரும் குடைசாய்ந்தார்கள். பந்து தடுக்க ஆளில்லாமல் சாவகாசமாக உருண்டு கோலுக்குள் போனது. தோற்ற அணியின் பயிற்சியாளர் வேறு யாருமல்ல, மனைவியின் தம்பி. ஆள் கிடைக்காத சின்னப் போட்டிகளில் உறவுமுறையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

அன்று வீட்டில் மைத்துனன் பொரிந்து தள்ளினான். அக்காக்காரிக்கு வேறு யோசனை ஓடியது. கொஞ்ச நாளாகவே கணவர் கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்வதையும், பக்கத்தில் நீட்டிய தம்ளரைக் கவனிக்காமல் இருப்பதையும் அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். மறுநாளே கண் டாக்டரிடம் அழைத்துப்போனாள். எதிரே பார்த்தால் எழுத்தெல்லாம் பளிச்சென்று தெரிந்தது. சோதனைக் கருவிக்குள் இரண்டு ஓரங்களிலும் மின்னிய புள்ளிகளில் ஒன்றுகூடத் தெரியவில்லை. கடிவாளம் கட்டிய குதிரை மாதிரிதான் அவர் இத்தனை நாள் ஓடியிருக்கிறார்.

ஸ்கேன் எடுத்ததில் காரணம் தெரிந்தது. மூக்குக்குப் பின்னால், மூளைக்கு அடியில் இருக்கும் சிறு சுரப்பியில் ஒரு கட்டி. திராட்சை அளவுதான், ஆனால் கண்ணிலிருந்து வரும் நரம்புகளை மேல்நோக்கி நெருக்கிக்கொண்டிருந்தது. கெட்ட கட்டி மாதிரி தெரியவில்லை, எடுத்துவிட்டால் பார்வை திரும்ப நல்ல வாய்ப்பு இருக்கிறது என்று மூளை அறுவை டாக்டரம்மா சொன்னார். மண்டையைத் திறக்க வேண்டியதில்லை, மூக்கு வழியாகவே போய்விடலாம் என்றும் சொன்னார்.

“தலையைச் சுத்தி மூக்கைத் தொடுறதுன்னு கேள்விப்பட்டிருக்கேன் டாக்டர்,” என்றாள் மனைவி. “நீங்க மூக்கைச் சுத்தித் தலையைத் தொடுறேங்கிறீங்களே.”

டாக்டரம்மா சிரித்துவிட்டு, மாதிரிக்கு வைத்திருந்த கருவி ஒன்றை எடுத்துக் காட்டினார். பென்சிலைவிட மெல்லிய எஃகுக் குழல். நுனியில் கண்ணாடி, அதன் பக்கத்திலேயே வெளிச்சம், பின்பக்கத்தில் கேமரா. உள்ளே இருப்பது பெரிய திரையில் தெரியும். காது மூக்கு தொண்டை டாக்டர் கேமராவைப் பிடித்துக்கொள்வார், டாக்டரம்மா இரண்டு கையாலும் வேலை பார்ப்பார். ஒரே மூக்கில் இரண்டு டாக்டர்கள் என்றதும் நடுவருக்குத் தொழில்புத்தி விழித்துக்கொண்டது.

“உள்ள போன பிறகு உங்க ரெண்டு பேருக்கும் ஒத்துப்போகலைன்னா?”

“திரையில தெரியறதுதான் தீர்ப்பு,” என்றார் அம்மா.

அறுவை நடந்த காலைப்பொழுது முழுக்க மைத்துனன் வெளியே அக்காவுக்குத் துணையாக உட்கார்ந்திருந்தான். மாமாவை அன்று திட்டியதற்கு அவனுக்கு வருத்தம்தான். அதைச் சொல்லத் தெரியாமல் டீயாக வாங்கிவந்து கொடுத்தான். அவளும் மறுக்காமல் குடித்துத் தீர்த்தாள்.

மறுநாள் டாக்டரம்மா வந்தபோது நடுவரின் மூக்கில் பஞ்சு அடைத்திருந்தது. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. அம்மா எதிரே நின்று இரண்டு கைகளையும் அகல விரித்தார்.

“என் முகத்தையே பாருங்க. எந்தக் கை விரல் அசையுது?”

“ரெண்டும்தான்,” என்றார் நடுவர். பிறகு தலையைத் திருப்பாமலே, “அந்தப் பக்கம் ஜன்னலோரமா ஒருத்தன் எனக்கு வந்த ஆப்பிளைத் தின்னுட்டிருக்கான் டாக்டர்,” என்றார்.

மைத்துனன் மெல்லுவதை நிறுத்தினான். மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

வீட்டுக்குக் கிளம்புமுன் அறுவையின் பதிவைப் பார்க்க வேண்டுமென்று நடுவர் பிடிவாதம் பிடித்தார். ஆட்டம் முடிந்ததும் செல்போனில் எடுத்ததைத் தூக்கிக்கொண்டு நியாயம் கேட்க வருகிறவர்களை எப்போதும் விரட்டியடிக்கும் மனிதர் அவர். அன்று வைத்த கண் வாங்காமல் பார்த்தார். மைத்துனன் முதல் சொட்டு ரத்தத்திலேயே எழுந்து வெளியே போய்விட்டான்.

திரையில் கட்டி சிறிது சிறிதாக வெளியே வந்தது. முடிந்துவிட்டது என்று டாக்டரம்மாவின் குரல் கேட்டது. கொஞ்சம் பொறுங்க என்றது மூக்கு டாக்டரின் குரல். நேராகப் பார்க்கும் குழலை வெளியே எடுத்துவிட்டு, சாய்வாகப் பார்க்கும் இன்னொன்றை அவர் உள்ளே செலுத்தினார். எலும்பு விளிம்புக்குப் பின்னால், மூலையில், சாம்பல் நிறத்தில் ஒரு துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. அம்மா ஒரு வார்த்தை மறுத்துப் பேசாமல் வளைந்த கருவியைக் கேட்டு வாங்கி, அதையும் வழித்து எடுத்தார். அந்த இடத்தை மட்டும் நடுவர் திரும்பத் திரும்பப் போடச் சொன்னார்.

பத்தியம் சொல்லும்போதுதான் இடி விழுந்தது. மூக்கைச் சிந்தக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, சில மாதங்களுக்கு விசில் ஊதவே கூடாது. நடுவரின் முகம் தொங்கிப்போனது. ஓடலாம் என்று டாக்டர்கள் சொன்ன பிறகாவது கோட்டோரத்தில் நின்று கொடி காட்டலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“கொடியை மூக்கால பிடிக்காத வரைக்கும் எனக்கு ஆட்சேபணை இல்லை,” என்றார் மூக்கு டாக்டர்.

அப்படித்தான் நடுவர் மழைக்காலம் முடிந்ததும் கோட்டோரத்துக்கு வந்தார். முதல் ஆட்டத்திலேயே மைத்துனன் அணி அடித்த கோலுக்கு, ஆள் முன்கூட்டியே தாண்டி நின்றான், ஆஃப்சைடு என்று கொடியைத் தூக்கிவிட்டார். மைத்துனன் அன்று இரவுச் சாப்பாட்டுக்கு வரவில்லை. அவனுக்கு ஒதுக்கி வைத்ததையும் சேர்த்து நடுவரே சாப்பிட்டார்.