ஸ்தலத்துக்கு ஸ்தலம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்பதில், கோட்டுச்சேரி கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் எழுத்தராக இருந்த சூசைராஜுக்கு ஐம்பது வயதுகூட ஆகவில்லை. வீட்டிலிருந்து கடைத்தெருவுக்குப் போவதற்குள் கெண்டைக்கால் இறுகிக்கொள்ளும். ஜவுளிக்கடை வாசலில் புடவை பார்ப்பவர்போல நின்று, வலி அடங்கியதும் நடப்பார். மனைவி ஜெயமேரிதான் வற்புறுத்திக் காரைக்காலில் ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனாள்.

“ரத்தக்குழாய் தடிச்சுப் போச்சு. காலுக்கு ரத்தம் போதல. சுருட்டையும் கொழுப்புக் கறியையும் விடணும். இல்லாட்டி கால் கருத்துப் போகும், நெஞ்சையும் பிடிக்கும். தினமும் நடங்க. வலிச்சா நின்னுட்டு, அடங்கினதும் நடங்க.”

“தபசுகாலம் வருதுங்க. விட்டுடறேன்.”

டாக்டர் தலையாட்டினார். எதுவரைக்கும் என்று கேட்கவில்லை. ஜெயமேரியும் கேட்கவில்லை.

தபசு தொடங்கும் சாம்பல் புதனன்று சுருட்டுப்பெட்டி பரணுக்குப் போனது. பெரிய வெள்ளியன்று சிலுவைப்பாதை ஊர்வலத்தில் சூசைராஜ், இயேசுவின் பாடுகளைச் சொல்லும் பதினாலு ஸ்தலங்களில் கடைசி ஸ்தலம்வரை தெருத்தெருவாக நடந்தார். ஒரு தடவைகூடக் கால் இழுக்கவில்லை.

“பாத்தியா, குணமாயிடுச்சு” என்றார். ஜெயமேரி அழுதேவிட்டாள்.

தபசு முடிந்து, பாஸ்கா ஞாயிறு காலையில் அவள் தம்பி சந்தனசாமி ஆட்டுக்கறியோடு வந்தான்.

“கல்லறைய விட்டு ஆண்டவரே எந்திரிச்சிட்டாரு மச்சான். உங்க சுருட்டு மட்டும் பெட்டிக்குள்ளயே கெடக்கணுமா?”

சூசைராஜ் சிரித்துக்கொண்டே பெட்டியை இறக்கினார்.

“வேணாங்க” என்றாள் ஜெயமேரி.

“காலுதான் சரியாயிடுச்சே. நல்ல நாளும் அதுவுமா மூஞ்சியத் தூக்காத.”

அவளும் பாதி நம்பினாள். கறியை அவளேதான் பரிமாறினாள்.

சாயங்காலம் புருஷனும் பெண்டாட்டியும் பஸ்ஸுக்கு நடந்தார்கள். பாதி வழியில் அவர் நின்றுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை, ஜவுளிக்கடை பூட்டியிருந்தது, பார்ப்பதற்குப் புடவைகூட இல்லை. கடைப்படியில் உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொண்டார். முகமெல்லாம் வியர்த்திருந்தது.

“வெள்ளிக்கிழமை அவ்வளவு தூரம் நடந்தேனே?”

ஜெயமேரிக்கு அப்போதுதான் உறைத்தது. கொஞ்சம் நடை, ஒரு ஸ்தலம், முழங்காலிட்டு ஒரு செபம், மறுபடி கொஞ்சம் நடை. அன்றைக்கு ஊரே நின்று நின்றுதான் போனது.

“ஸ்தலத்துக்கு ஸ்தலம் நின்னீங்களேங்க. வலிக்கறதுக்கு எங்க நேரம் இருந்துச்சு?”

அவர் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார்.

“அப்ப இது தபசோட முடியாதா?”

“முடியாதுங்க.”

சட்டைப்பையிலிருந்த சுருட்டை எடுத்து அவள் கையில் கொடுத்தார். தீப்பெட்டியைக் கொடுக்கவில்லை. அதையும் கேட்கலாமா, கேட்டால் கோபித்துக்கொள்வாரா என்று யோசித்தபடி, அவர் எழுந்திருக்கும்வரை அவள் பக்கத்திலேயே நின்றாள்.