சொந்தமாக எடுத்த முடிவு

அவனை வீட்டில் எல்லோரும் 'புரட்சி' என்றுதான் கூப்பிடுவார்கள். கேலியாக வைத்த பேர் என்பது அவனைத் தவிர எல்லோருக்கும் தெரியும். அவனோ அதைப் பட்டம்போலச் சுமந்துகொண்டிருந்தான். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவன் வேலை. நாற்பதைத் தாண்டிய பிறகு, மனித மனத்தை ஒரு கை பார்த்துவிடுவது என்று மாலைநேர உளவியல் வகுப்பில் சேர்ந்தான். அங்கே ஒரு பயிற்சி கொடுத்தார்கள். உறவினர் ஒருவரைப் பேட்டி கண்டு, குடும்பம் தன்னை எப்படி உருவாக்கியது என்று எழுதிவர வேண்டும்.

"குடும்பம் என்னை உருவாக்கலை மேடம். அதை எதிர்த்துத்தான் நான் உருவானேன்," என்று எழுந்து நின்று சொன்னான். ஆசிரியை, "அதையே கேட்டு எழுதுங்க," என்று சொல்லிவிட்டு அடுத்தவர் பக்கம் திரும்பினார்.

அத்தையைப் பிடித்தான். அப்பாவின் தங்கை, முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறாள். அவளுக்குச் சும்மா உட்கார்ந்து பேச வராது. அவனை நாற்காலியில் உட்காரவைத்து, கழுத்தில் துணியைக் கட்டி, தலையில் தண்ணீர் தெளித்த பிறகுதான் "ம், கேளு," என்றாள். பேட்டி காண வந்தவனின் இரண்டு கைகளும் துணிக்குள். ஃபோன் பவுடர் டப்பாவில் சாய்ந்தபடி பதிவு செய்துகொண்டிருந்தது.

"அப்பா பேச்சை மீறி நான் இந்த வேலைக்குப் போனேனே அத்தை, அப்ப வீட்டுல என்ன நடந்துச்சு?"

பதிலை அவனே தயாராக வைத்திருந்தான். அப்பா இடிந்துபோனார், பிறகு மகனின் துணிச்சலை எண்ணி மனசுக்குள் பெருமைப்பட்டார்.

"என்ன நடந்துச்சு? உங்கப்பா அன்னிக்குத்தான் நிம்மதியாத் தூங்கினார்."

"நிம்மதியாவா?"

"தலையை ஆட்டாதே, காது போயிடும். அந்த டிரைவிங் ஸ்கூல்காரர்கிட்ட ஆள் வேணுமான்னு விசாரிச்சதே உங்கப்பாதான். உனக்கு வண்டின்னா உசிரு. ஆனா அவர் போன்னு சொன்னா நீ போவியா? அதான், அந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்கக் கூடாதுன்னு நான்தான் அவரைச் சொல்லச் சொன்னேன். கதவைச் சாத்தினது, உன்கூடப் பேசாம இருந்தது எல்லாம் அவரே சேர்த்துக்கிட்டது. நல்லாத்தான் பண்ணினார்."

கண்ணாடியில் நனைந்த கோழிக்குஞ்சு மாதிரி ஒரு புரட்சி உட்கார்ந்திருந்தது. வீட்டை உதறிவிட்டுக் கிளம்பிய அன்று அவன் பையில் சட்டைகள் இஸ்திரி போட்டு மடிக்கப்பட்டிருந்தன. ஏதோ பழக்கதோஷத்தில் அம்மா செய்துவிட்டாள் என்று இத்தனை வருஷமாக நம்பியிருந்தான்.

கடையை விட்டு வெளியே வந்து காரை எடுத்ததும் வேலையை விட்டுவிடுவது என்று முடிவு செய்தான். தெருமுனை வருவதற்குள் ஒரு சந்தேகம் வந்தது. அப்பா இதையும் எதிர்பார்த்திருந்தால்? இடப்பக்கமா வலப்பக்கமா என்று புரியாமல் நாற்சந்தியின் நடுவில் காரை நிறுத்திக்கொண்டு நின்றான். பின்னாலிருந்தவர்கள் ஹாரன் அடித்துத் தீர்த்தார்கள். காரின் உச்சியில் 'பயிற்சி வாகனம்' என்ற பலகை இருந்ததால், கற்றுக்கொள்கிறவன் போலிருக்கிறது என்று ஒருவர் இரக்கப்பட்டு ஒதுங்கிப் போனார்.

வண்டி கடைசியில் அப்பா வீட்டு வாசலில் நின்றது. அப்பா சமையலறைக் குழாயைக் கழற்றிப் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார்.

"அத்தை எல்லாத்தையும் சொல்லிட்டாங்க."

"அவ வாயில எது நின்னிருக்கு," என்றார், நிமிராமல்.

"ஏன்பா அப்படிப் பண்ணினீங்க?"

அப்பா குறடைக் கீழே வைத்தார். "எங்கப்பா காட்டின வேலைக்கு நான் வாயத் திறக்காமப் போனேன். ரிடையரான அன்னிக்குத்தான் எனக்கு மூச்சே வந்துச்சு. உனக்கு அப்படி ஆக வேணாம்னு பாத்தேன். நீ என்னைக் கொஞ்ச நாள் திட்டுவே, அவ்வளவுதானே."

கொஞ்ச நாள் இல்லை. வெகுநாள் திட்டியிருக்கிறான். கல்யாண வீடுகளில், நண்பர்கள் நடுவில், போன வாரம் வகுப்பில்கூட. வெட்கத்தை மறைக்கக் குரலை உயர்த்தினான்.

"அப்ப நானா எடுத்த முடிவுன்னு ஒண்ணுகூட இல்லையா?"

"ஏன் இல்லை? உன் கல்யாணம். அதுல நான் தலையிடவே இல்லை."

புரட்சிக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. அடுத்த அறையிலிருந்து அம்மா, "அது நான்," என்றாள்.

அப்பா சிரித்துவிட்டார். அவனும் எவ்வளவு நேரம்தான் முகத்தைத் தூக்கிவைத்திருப்பான்? தரையில் உட்கார்ந்து குழாயைப் பிடித்துக்கொண்டான். அப்பா முறுக்கினார். கிளம்பும்போது அவர் சாதாரணமாகச் சொன்னார்: "நாளைக்குக் கண் டாக்டர்கிட்டப் போகணும். நீ ஒண்ணும் வர வேணாம், நான் பஸ்ல போயிக்கிறேன்."

அவன் செருப்பை மாட்டிக்கொண்டே அப்பாவின் முகத்தைக் கூர்ந்து பார்த்தான். உளவியல் மாணவனுக்கு அதில் ஒன்றும் பிடிபடவில்லை.

"எத்தனை மணிக்கு வரட்டும்?" என்றான்.