முருங்கைக்குப் போன கரண்ட்

என் தங்கை வேல்விழி சித்திரையில் ஒரு தடவை பெயிலாகிவிட்டாள். டிப்ளமோ கடைசி வருஷ ப்ராஜெக்ட். காற்றடித்தால் விளக்கு எரிய வேண்டும். அன்றைக்குச் சிவகாசியில் ஓர் இலைகூட அசையவில்லை. ஆடியில் வீட்டுக்கே வந்து பார்க்கிறேன், அதுதான் கடைசி வாய்ப்பு என்று சொல்லியிருந்தார் அவளுடைய வாத்தியார் லட்சுமிகாந்தம் சார்.

சமாச்சாரம் சின்னதுதான். கேஸ் லைட்டரை அமுக்கினால் உள்ளே ஒரு கல் நசுங்கிப் பொறி வருகிறது. பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டைக்குள் இருக்கிற பித்தளை வட்டுக்கும் அதே குணம். வளைத்தால் கரண்ட் தரும். அச்சு கோணலாக விழுந்த சரவெடிக் கவர்களை நாக்கு நாக்காக வெட்டி, நாக்குக்கு ஒரு வட்டு ஒட்டி, மாடியில் கம்பு நட்டுக் கட்டினோம். நான் மில்லில் நைட் ஷிப்டை விட்டுவிட்டுச் சும்மா கிடந்தேன். ஒட்டுகிற வேலை எனக்கு.

சார் வருவதற்கு முந்தின நாள் மத்தியானம் சோதித்தபோது சிவப்பு விளக்கு விட்டு விட்டு மின்னியது.

சார் வந்த அன்று நல்ல காற்று. நாக்குகள் படபடவென்று அடித்துக்கொண்டன. விளக்கு எரியவில்லை.

"இதுக்கு எம்புட்டுக் காத்துதான் வேணும்?" என்றார் சார், கண்ணில் விழுந்த தூசியைத் துடைத்தபடி.

"இது போதும் சார். நேத்து எரிஞ்சுச்சு."

"நேத்து நான் வரலையே தாயி."

வேல்விழி என்னைப் பார்த்தாள். "ஒட்டுனது நீதான?"

"ஒட்டுனது ஒட்டுனபடி இருக்கு. உன் வயரப் பாரு."

அய்யா கலர் பாட்டிலோடு மேலே வந்தார். அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்; பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். "குடிங்க சார். காத்துல நிக்கீகளே."

வேல்விழி வயர்களைத் தடவிக்கொண்டே போனாள். விளக்கு வைத்த பெட்டிக்குப் பின்னால் அவள் வைக்காத செம்புக் கம்பி ஒன்று இருந்தது. வட்டுகளிலிருந்து வருகிற வயரின் இரண்டு முனைகளையும் சேர்த்து முறுக்கி, சுவரோடு இறங்கி, கீழே முருங்கை மூட்டில் மண்ணுக்குள் போனது. உப்பும் கரியும் போட்டுத் தண்ணீர்கூட ஊற்றியிருந்தது.

"இது யாரு வேல?"

"நான்தான்," என்றார் அய்யா.

கம்பெனியில் வெடிமருந்து ரூமுக்குள் நுழையுமுன் வாசலில் இருக்கிற செம்புத் தகட்டைத் தொட வேண்டும். உடம்பில் இருக்கிற கரண்ட் மண்ணுக்கு இறங்கிவிடும். தொடாமல் நுழைந்தவனை அய்யா அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.

"லைட்டர் ஜாதின்னு நீதான புள்ள சொன்ன? பொறி வர்ற சாமான எர்த் இல்லாம விடுவாகளா? விடியக்காலையிலேயே குழி தோண்டிட்டேன்."

"அய்யா, வந்த கரண்ட் அம்புட்டும் முருங்கைக்குப் போயிருச்சு."

"நல்லதுதான? யாருக்கும் சேதமில்ல."

சாருக்குக் கலர் மூக்கில் ஏறிவிட்டது. இருமி முடித்து, "கழத்துங்கண்ணே," என்றார்.

அய்யா எங்களை எல்லாம் படிக்கட்டுப் பக்கம் தள்ளி நிறுத்தினார். கையை நீட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, கம்பியைப் பிரித்தார். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு விளக்கு ஒருமுறை மின்னியது. மறுபடியும்.

அய்யா கிட்டே போய்ப் பார்த்தார். "இம்புட்டுத்தானா? கம்பி மத்தாப்பு இதவிட நல்லா எரியும்."

"இம்புட்டுக்குத்தான் குழி தோண்டிருக்கீக," என்றார் சார். வேல்விழியிடம், "பாஸ். மிச்சக் கலர நீ குடி."

அவர் தெருமுனை திரும்புமுன் அய்யா கம்பியைத் திரும்ப முறுக்கிவிட்டார். வேல்விழி சண்டை போட்டுப் பார்த்துவிட்டு, அதில் ஒரு கொக்கி வைத்துக் கொடுத்தாள். காலையில் அய்யா கம்பெனிக்குக் கிளம்பியதும் நாங்கள் கழற்றுவோம். சாயங்காலம் வந்ததும் மாட்டிவிட்டுத்தான் குளிப்பார். அந்த விளக்கு இருட்டில் எரிந்து இதுவரை யாரும் பார்த்ததில்லை.