கர்ப்பம் என்று எழுதிய சீட்டு

“யாருடி அவன்? பேரச் சொல்லு!”

தேனியில் சிறுநீரைச் சோதித்து வாங்கிவந்த சீட்டை ஒச்சாண்டி, தம்பி மனைவி ராமுத்தாயின் முகத்தில் விட்டெறிந்தான். கர்ப்பம் என்று அதில் எழுதியிருந்தது. அவள் புருஷன் கர்ணன் கிணற்று மோட்டாரில் ஷாக் அடித்துச் செத்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

“சத்தியமா யாருமில்ல மச்சான். ரெண்டு மாசமா உதிரம் நிக்காமப் போகுது. அதுக்குத்தான வைத்தியம் பாக்கணும்னேன்.”

“சீட்டுல பொய்யா எழுதுவாக?” என்றாள் மாமியார் சுப்புத்தாய்.

அன்றிலிருந்து ராமுத்தாய்க்கு மாட்டுக்கொட்டம்தான். சோற்றை வாசலில் வைத்துவிட்டு முகம் பாராமல் போனார்கள். அவர்கள் ஊரான தேவாரத்தின் குழாயடியில் அவளைக் கண்டால் பெண்கள் குடத்தோடு விலகினார்கள். தனக்கே தெரியாமல் ஏதும் நடந்துவிட்டதோ என்றுகூட ஒருநாள் வயிற்றைத் தொட்டுப் பார்த்து அழுதாள். இருமலில் ரத்தம் வந்த அன்று, யாரிடமும் சொல்லாமல் மதுரை பஸ் ஏறினாள்.

பெரியாஸ்பத்திரியில் டாக்டர் சுகிர்தம் அவளை அதட்டவில்லை.

“முன்னாடி கரு கலைஞ்சிருக்காம்மா?”

“அவுக இருக்கையில ஒண்ணு. பிள்ளையே இல்லம்மா. திராட்சக் கொல மாதிரி முத்து முத்தா வந்துச்சு.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். நெஞ்சு எக்ஸ்ரேயில் உருண்டை உருண்டையாக நிழல்கள் தெரிந்தன. கருப்பையில் சுரண்டி எடுத்த சதையும் அவர் சந்தேகத்தை உறுதி செய்தது.

“இது பிள்ளை இல்லம்மா. அந்த முத்துக் கர்ப்பத்துல மிச்சம் நின்னது புற்றுநோயா மாறியிருக்கு. ரொம்ப அபூர்வமா வரும். கர்ப்பத்துல சுரக்கிற அதே ஹார்மோன் இதுலயும் சுரக்கும். அதான் சோதனை அப்படிக் காட்டிருச்சு. ஊசியில குணமாக வழி இருக்கு.”

“அப்ப நான் தப்புப் பண்ணலன்னு எழுதித் தருவீகளாம்மா?” என்றுதான் ராமுத்தாய் முதலில் கேட்டாள்.

ஐந்து மாதம் ஊசி போட்டார்கள். வாயெல்லாம் புண், கஞ்சிகூட இறங்கவில்லை. பார்வையாளர் நேரத்தில் மற்றப் படுக்கைகளைச் சுற்றி ஆட்கள் நிற்க, அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். சோதனைகள் அடுத்தடுத்துச் சுத்தமாக வந்த பிறகு டாக்டரே ஊருக்குக் கடிதம் போட்டார்.

சுப்புத்தாய் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து கட்டிக்கொண்டாள். “புத்துநோய்தானாமே! ஆத்தா கண்ணத் தொறந்துட்டா. நம்ம வீட்டு மானம் பொழச்சுது. கெளம்பு தாயி.”

பஸ்ஸில் ராமுத்தாய் கேட்டாள்: “அத்த, நெசமாவே பிள்ளையா இருந்திருந்தா என்னய என்ன செஞ்சிருப்பீக?”

சுப்புத்தாய் ஒரு ஆரஞ்சை உரித்து அவள் கையில் வைத்தாள்.

தேனி வந்தது. ஆஸ்பத்திரியில் பக்கத்துப் படுக்கையில் இருந்த இருளம்மாள், அங்கே பஞ்சு மில்லில் இருந்த தன் அண்ணனிடம் அவளுக்கு வேலை சொல்லி வைத்திருந்தாள். ராமுத்தாய் துணிப்பையோடு இறங்கினாள்.

“ஏத்தா, இங்கன எதுக்கு எறங்குற? தனியா இருக்குற பொம்பளைய ஊரு என்ன சொல்லும்?”

“எல்லாத்தையும்தான் சொல்லி முடிச்சுட்டாகளே அத்த.”

பஸ் புறப்பட்டுப் போனது. மில்லுக்கு எந்தப் பக்கம் போவதென்று அவளுக்குத் தெரியவில்லை. எதிரே இருந்த பழக்கடையில் போய்க் கேட்டாள்.